பத்து டன் மூட்டைக்கு ஒரு இட்லி போதுமா?

ஒரு லாரியில் 200 மூட்டை அரிசி ஏற்ற வேண்டும்.

ஒரு மூட்டை 50 கிலோ. மொத்தம் 10,000 கிலோ. அதாவது 10 டன்.

லாரியின் தட்டு தரையிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டர் உயரம். மனிதனின் மார்பு உயரம் என்று வைத்துக் கொள்ளலாம்.

நான்கு பேர் சேர்ந்து ஏற்றுகிறார்கள். வேர்வை கொட்டுகிறது. கால் நடுங்குகிறது. கடைசி மூட்டை ஏறியதும், நால்வரும் அப்படியே சாய்ந்து விடுகிறார்கள்.

இவர்கள் செய்த வேலை எவ்வளவு?

பௌதிக சாஸ்திரம் அதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். பிறகு கோபம் வரும்.

நால்வரும் சேர்ந்து செய்த வேலைக்கு ஈடான சக்தி, ஒரு சிறிய இட்லியில் இருக்கிறது! முழு இட்லிகூட வேண்டாம். முக்கால் இட்லி போதும்!

"கணக்கு தப்பு" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கணக்கு சரிதான்.

ஆனால், இந்தக் கணக்கு ஒரு பாதிதான். இன்னொரு பாதி, மூட்டை தூக்குகிறவரின் முதுகில் எழுதியிருக்கிறது. அதைப் படிக்காமல் மூட்டையின் எடையையும் கூலியையும் தீர்மானிப்பது அநியாயம்.

அது எப்படி என்று பார்க்கலாம்.

விசை என்றால் என்ன?

ஒரு பொருளைத் தள்ளுவதும் இழுப்பதும் விசை.

பூமி எல்லாப் பொருளையும் கீழே இழுக்கிறது. அந்த இழுப்புத்தான் எடை. பூமி கீழே இழுக்கும் அளவுக்காவது மனிதன் மேலே இழுத்தால்தான் மூட்டை தரையை விட்டுக் கிளம்பும்.

விசையை அளக்க ஒரு அளவு உண்டு. அதன் பெயர் நியூட்டன். நூறு கிராம் காப்பித்தூள் பொட்டலத்தைக் கையில் வைத்துப் பாருங்கள். அது கையை அழுத்துகிறதே, அந்த அழுத்தம் ஏறத்தாழ ஒரு நியூட்டன்.

50 கிலோ மூட்டையின் எடை 490 நியூட்டன். ஏறத்தாழ ஐந்நூறு காப்பித்தூள் பொட்டலங்கள்!

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 490 நியூட்டன் என்பது நிதானமாகத் தூக்கினால்தான். வெடுக்கென்று தூக்கினால் விசை கூடும். வேகம் கொடுப்பதற்கும் விசை வேண்டும் அல்லவா? கொஞ்சம் அவசரப்பட்டு வெட்டி இழுத்தாலே, 50 கிலோ மூட்டை 60 கிலோ மூட்டையைப் போலக் கனக்கும்.

அனுபவப்பட்டவர்கள் மூட்டையை வெட்டி இழுக்க மாட்டார்கள். மூச்சைப் பிடித்து, ஒரே சீராக எழுப்புவார்கள். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிக்காதவருக்கும் உடம்பு சொல்லிக் கொடுத்த பாடம் அது!

வேலை என்றால் என்ன?

ஊர் வழக்கில், உடம்பு நோகச் செய்வது எல்லாம் வேலை.

பௌதிகத்தில் அப்படி அல்ல. விசை வேண்டும். அந்த விசையின் திசையில் பொருள் நகரவும் வேண்டும். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பதுதான் வேலை.

நூறு கிராம் பொட்டலத்தை ஒரு மீட்டர் உயரம் தூக்கினால், ஏறத்தாழ ஒரு ஜூல் வேலை.

ஜூல் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜேம்ஸ் ஜூல் 1818-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சாராயம் அல்ல, பீர் காய்ச்சும் ஆலைக்காரரின் மகன். கயிற்றில் எடையைக் கட்டித் தொங்கவிட்டார். எடை கீழே இறங்கும்போது, தண்ணீருக்குள் இருந்த துடுப்புகள் சுழன்றன. தண்ணீர் சூடாயிற்று. மிக மிகக் கொஞ்சம்தான் சூடாயிற்று. ஆனாலும் அளந்து விட்டார். வேலை வெப்பமாக மாறும், இவ்வளவு வேலைக்கு இவ்வளவு வெப்பம் என்று 1840-களில் நிரூபித்துக் காட்டினார்.

வேலை செய்யும் திறனுக்குச் சக்தி என்று பெயர். சக்தி அழியாது. உருவம்தான் மாறும். சோற்றில் இருக்கும் சக்தி தசைக்குப் போகிறது. தசையிலிருந்து மூட்டைக்குப் போகிறது. உயரத்தில் ஏறிய மூட்டை அந்தச் சக்தியை உள்ளே வைத்துக் கொண்டு காத்திருக்கிறது.

சந்தேகமா? அடுக்கின் உச்சியில், 3 மீட்டர் உயரத்தில் இருக்கும் மூட்டை சரிந்து விழுந்தால் என்ன ஆகும்? தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 28 கிலோமீட்டர்! தூக்கியவர் கொடுத்த சக்தி முழுவதும் திரும்பி வருகிறது. கீழே யார் நின்றாலும் அவர் தலையில் வருகிறது. அதனால்தான், அடுக்கைச் சரியாகக் கட்டாத கிடங்கு ஆபத்தான கிடங்கு.

இட்லிக் கணக்கு

இப்போது லாரிக்கு வருவோம்.

ஒரு மூட்டை 490 நியூட்டன். உயரம் 1.2 மீட்டர். பெருக்கினால் 588 ஜூல்.

200 மூட்டைக்கு 1,17,600 ஜூல்.

எவ்வளவு பெரிய எண்! ஆனால் சாப்பாட்டுக் கணக்கில் ஒரு கலோரி என்பது 4,184 ஜூல். வகுத்துப் பார்த்தால் 28 கலோரிதான் வருகிறது.

ஒரு சிறிய இட்லியில் ஏறத்தாழ 40 கலோரி இருக்கும். ஆகவே முக்கால் இட்லி!

அப்படியானால், நால்வரும் காலையில் ஆளுக்கு எட்டு இட்லி சாப்பிட்டு, பதினோரு மணிக்கே பசிக்கிறது என்கிறார்களே, அது ஏன்?

அங்கேதான் கணக்கின் மறுபாதி ஆரம்பமாகிறது.

தசை ஒரு அரைகுறை இயந்திரம்

சாப்பிட்ட சக்தி முழுவதையும் தசை வேலையாக மாற்றுவதில்லை. நன்றாக வேலை செய்யும்போதுகூட நான்கில் ஒரு பங்குதான் வேலையாகிறது. மீதி மூன்று பங்கு வெப்பமாகப் போய்விடுகிறது.

மூட்டை தூக்குகிறவருக்கு வேர்ப்பது அந்த வெப்பத்தால்தான். வேர்வை காய்ந்தால் உடம்பு குளிரும். அது உடம்பு தன்னைக் காப்பாற்றிக் கொள்ளும் வழி. வெயிலில், காற்றே இல்லாத கிடங்கில், அந்த வழியும் அடைபட்டுப் போகிறது.

சும்மா நின்றால் வேலை இல்லையா?

மூட்டையைத் தோளில் வைத்துக் கொண்டு ஒருவர் அசையாமல் நிற்கிறார். மேலே இருப்பவர் கை நீட்டி வாங்க வேண்டும். அவர் வர இரண்டு நிமிடம் ஆகிறது.

அந்த இரண்டு நிமிடத்தில் அவர் செய்த வேலை எவ்வளவு?

பௌதிகம் சொல்கிறது: பூஜ்யம்!

மூட்டை நகரவில்லை. நகராவிட்டால் வேலை இல்லை. ஒரு மரப்பெட்டிகூட மூட்டையை நாள் முழுவதும் தாங்கும். பெட்டிக்குச் சோறு போடவா வேண்டும்?

ஆனால் மனிதன் மரப்பெட்டி அல்ல. தசை என்பது ஆயிரக்கணக்கான நார்களின் கூட்டம். மூட்டை அசையாமல் நிற்கிறது என்றால், உள்ளே அந்த நார்கள் மாறி மாறி இழுத்துக் கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு இழுப்புக்கும் சக்தி செலவாகிறது. வெளியே வேலை பூஜ்யம். உள்ளே செலவு ஏராளம்.

கிடங்கிலிருந்து லாரிக்கு நடப்பதும் அப்படித்தான். மூட்டையின் உயரம் மாறவில்லை என்றால், தூக்கும் வேலை பூஜ்யம். ஆனால் நடை எவ்வளவு?

கிடங்குக்கும் லாரிக்கும் 20 மீட்டர் என்று வைத்துக் கொள்ளுங்கள். போக வர 40 மீட்டர். 200 மூட்டைக்கு 8 கிலோமீட்டர்! அதில் 4 கிலோமீட்டர் தலையிலே பாரம். நால்வர் பங்கு போட்டால் ஆளுக்கு இரண்டு கிலோமீட்டர். இது ஒரு லாரிக்கு. ஒரு நாளைக்கு ஒரு லாரியோடு முடிந்து விடுகிறதா?

தலைச்சுமையில் ஒரு அதிசயம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்காவில் லுவோ, கிக்குயு இனப் பெண்கள் பாரம் சுமந்து நடப்பதை விஞ்ஞானிகள் அளந்து பார்த்தார்கள். 1986-ல் முடிவை வெளியிட்டார்கள். தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை, அந்தப் பெண்கள் கூடுதல் சக்தியே செலவழிக்காமல் சுமந்தார்கள்! அவர்களுடைய நடை ஊஞ்சலைப் போல, ஒரு அடியில் கிடைத்ததை அடுத்த அடிக்குக் கொடுத்தது.

ஆனால் ஐந்தில் ஒரு பங்கு என்றால் என்ன? 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 கிலோ. ஒரு குடம் தண்ணீர். 50 கிலோ மூட்டை அல்ல!

தன் உடம்பே ஒரு மூட்டை

வீட்டுக்குச் சமையல் எரிவாயு சிலிண்டர் வருகிறது. உள்ளே எரிவாயு 14.2 கிலோ. இரும்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 30 கிலோ. அதை ஒருவர் மூன்றாம் மாடிக்குத் தூக்கி வருகிறார். ஒரு மாடி 3 மீட்டர் என்றால் மொத்தம் 9 மீட்டர்.

சிலிண்டருக்கு மட்டும் வேலை 2,646 ஜூல்.

ஆனால் மாடி ஏறியது சிலிண்டர் மட்டுமா? அவரும் ஏறினார்! அவர் எடை 60 கிலோ. அதற்கு 5,292 ஜூல். சிலிண்டரைப் போல இரண்டு மடங்கு!

மூட்டை தூக்குவதும் இப்படியே. குனிந்தவர் நிமிரும்போது, மூட்டையை மட்டும் தூக்கவில்லை. தலை, மார்பு, கை என்று தன் பாதி உடம்பையும் தூக்குகிறார். இந்தச் செலவு ஒரு கணக்கிலும் ஏறுவதில்லை.

முதுகில் இருக்கும் ஏற்றம்

இதுவரை சொன்னது களைப்பு. களைப்பு தூங்கினால் போகும். இனிச் சொல்வது தூங்கினாலும் போகாது.

கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தைப் பார்த்தவர்கள் உண்டு. பார்க்காதவர்கள், பிள்ளைகள் ஆடும் ஏறுபலகையை நினைத்துக் கொள்ளலாம். நடுவில் தாங்கும் இடம். இரு பக்கமும் பலகை. ஒரு பக்கம் நீளமாகவும், மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால், குட்டைப் பக்கம் உட்காருகிறவர் பல மடங்கு கனமாக இருந்தால்தான் சமநிலை வரும்.

மனிதன் குனிந்து தூக்கும்போது, இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் அடிப்பகுதிதான் தாங்கும் இடம். அதன் பின்னால் இருக்கும் தசை இழுக்கிறது. தாங்கும் இடத்துக்கும் தசைக்கும் உள்ள தூரம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடைதான்!

மூட்டையோ 40 சென்டிமீட்டர் முன்னால் இருக்கிறது. எட்டு மடங்கு தூரம்!

ஆகவே 50 கிலோ மூட்டையைத் தாங்க, அந்தத் தசை 400 கிலோ எடைக்குரிய விசையோடு இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் கனம் அதற்கு மேல் தனி.

எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. இந்த இழுப்பு அத்தனையும் அந்த வட்டின் மேல் விழுகிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 1960-களில் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாகெம்சன், உயிருள்ள மனிதர்களின் முதுகு வட்டுக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட, குனிந்து பாரம் தூக்கும்போது அழுத்தம் பல மடங்கு கூடுவதைக் கண்டார்.

மூட்டையை உடம்போடு ஒட்டி 20 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்தால், 400 என்பது 200 ஆகிவிடும். மூட்டை அதே மூட்டை. வேலை அதே வேலை. முதுகுக்குப் பாதிச் சுமை!

மொத்தம் ஒன்று, முதுகுக்கு வேறு

இப்போதுதான் முக்கியமான கட்டம்.

ஒரு டன் அரிசியை லாரியில் ஏற்ற வேண்டும். 100 கிலோ மூட்டை என்றால் 10 மூட்டை. 50 கிலோ என்றால் 20. 25 கிலோ என்றால் 40.

மூன்றிலும் பௌதிக வேலை எவ்வளவு? 11,760 ஜூல். ஒரு ஜூல்கூட வித்தியாசம் இல்லை!

"அப்படியானால் பெரிய மூட்டையே இருக்கட்டுமே! சாக்குச் செலவு மிச்சம். தைக்கும் கூலி மிச்சம். எண்ணுவதும் சுலபம்" என்று வியாபாரி சொல்வார். அவர் கணக்கில் அது சரி.

ஆனால் முதுகு வட்டு ஜூலை எண்ணுவதில்லை. நியூட்டனைத்தான் எண்ணுகிறது! ஒரு தடவைக்கு எவ்வளவு விசை என்பதுதான் அதற்குத் தெரியும். நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால், நூல் நூறு நாள் தாங்கும். பத்துக் கல்லைச் சேர்த்துக் கட்டினால், ஒரே நொடியில் அறுந்து விடும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மூட்டை சிறியதானால் தடவை கூடும். நாற்பது தடவை குனிய வேண்டும். நாற்பது தடவை தன் உடம்பைத் தூக்க வேண்டும். ஆகவே, மூட்டையைச் சிறிதாக்கினால் மட்டும் போதாது. குனிவதையும் ஒழிக்க வேண்டும். அதற்கு வழி இருக்கிறது. பின்னால் வருகிறது.

பழைய சாட்சிகள்

இந்த உண்மை இன்று நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல.

பிரெஞ்சு நாட்டில் கூலோம் என்ற விஞ்ஞானி இருந்தார். மின்சாரத்தைப் பற்றிய ஆராய்ச்சியால் உலகப் புகழ் பெற்றவர். அவர் சுமை தூக்குகிறவர்களைப் பற்றியும் ஆராய்ந்தார். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு முடிவு சொன்னார். சுமையை ஏற்றிக் கொண்டே போனால், ஒரு நாளில் முடியும் மொத்த வேலை கூடாது, குறையும்! அளவான சுமைதான் நிறைய வேலை முடிக்கும்.

அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் என்ற பொறியாளர், 1899-ல் ஒரு எஃகு ஆலையில் இரும்புக் கட்டிகளை ஏற்றும் ஆட்களைக் கவனித்தார். ஒரு கட்டி 92 ராத்தல். ஏறத்தாழ 42 கிலோ. செய்த வேலையின் அளவுக்கும் களைப்புக்கும் நேரான சம்பந்தம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஒரு சம்பந்தமும் தென்படவில்லை என்று அவரே எழுதினார். அந்தக் கனமுள்ள கட்டியைத் தூக்குகிறவர் நாளில் நூற்றுக்கு 43 பங்கு நேரம்தான் சுமையோடு இருக்கலாம், மீதி 57 பங்கு நேரம் சுமை இல்லாமல் இருக்க வேண்டும் என்று 1911-ல் வெளியான புத்தகத்தில் சொன்னார்.

டெய்லர் தொழிலாளருக்காகப் பரிந்து பேச வந்தவர் அல்ல. அதிக இரும்பு ஏற்றுவதே அவர் நோக்கம். அவர் சொன்ன கதையில் பல இடங்களைப் பின்னால் வந்தவர்கள் சந்தேகித்திருக்கிறார்கள். ஆனாலும், லாபக் கணக்கு பார்க்க வந்தவரே "ஓய்வு வேண்டும்" என்று சொன்னார் அல்லவா? அதை முதலாளிகள் கவனிக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1948-ல் தொழிற்சாலைச் சட்டம் வந்தது. காயம் உண்டாக்கக் கூடிய அளவு கனமான சுமையைத் தூக்க யாரையும் வைக்கக் கூடாது என்று அதன் 34-வது பிரிவு கூறியது.

1967-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கூடி, சுமைக்கு வரம்பு வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தது. வயது வந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேல் இருந்தால், விரைவில் அதைக் குறைக்க வேண்டும் என்று கூடவே பரிந்துரை செய்தது.

மகாராஷ்டிரத்தில் 1969-ல் மூட்டை தூக்குகிறவர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது.

விஞ்ஞானம் அதற்குள் இன்னும் முன்னே போய்விட்டது. அமெரிக்க அரசாங்கத்தின் தொழில் நல ஆராய்ச்சி நிலையம் 1991-ல் புதிய கணக்கு ஒன்று போட்டது. எல்லா வசதியும் சரியாக இருந்தாலும், அதாவது சுமை உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்துக்கு அருகில், திரும்பாமல் தூக்குவதாக இருந்தாலும், 23 கிலோதான் அளவு. சுமை தள்ளி இருந்தால், தரையில் கிடந்தால், அடிக்கடி தூக்க வேண்டியிருந்தால், அந்த 23-ம் குறையும்!

இங்கிலாந்தில் சிமெண்டு 25 கிலோ பையில் விற்கிறது. இந்தியாவில் 50 கிலோ. அந்த நாட்டுக்காரர் முதுகும் இந்த நாட்டுக்காரர் முதுகும் ஒரே எலும்புதானே?

பலகையும் கப்பியும்

மூட்டையை நேராக 1.2 மீட்டர் தூக்கினால் 50 கிலோ விசை வேண்டும்.

3.6 மீட்டர் நீளமுள்ள பலகையைத் தரையிலிருந்து லாரிக்குச் சாய்வாகப் போட்டு, சக்கர வண்டியில் மூட்டையை வைத்துத் தள்ளினால்? மூட்டைக்கு வேண்டிய விசை மூன்றில் ஒரு பங்குதான். ஏறத்தாழ 17 கிலோ. வண்டியின் கனத்துக்கும் உராய்வுக்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொள்ளலாம்.

வேலை குறைந்ததா? குறையவில்லை. விசை மூன்றில் ஒன்று. தூரம் மூன்று மடங்கு. பெருக்கினால் அதே 588 ஜூல். விசையில் மிச்சம் பிடித்தால், தூரத்தில் கொடுத்தாக வேண்டும். இயற்கை கடன் சொல்ல விடாது!

கிணற்றுக் கப்பியும் இதே குடும்பம்தான். ஒரே கப்பி விசையைக் குறைப்பதில்லை. திசையைத்தான் மாற்றுகிறது. மேலே இழுப்பதற்குப் பதிலாகக் கீழே இழுக்கலாம். உடம்பின் எடையே பாதி வேலையைச் செய்து விடும். முதுகு வளைய வேண்டாம். இரண்டாவது கப்பியை வாளியோடு சேர்த்துக் கட்டினால், விசை பாதி. கயிறு இரண்டு மடங்கு.

சமதரையில் சக்கரம் இன்னும் பெரிய வரம். 100 கிலோவை நல்ல சக்கர வண்டியில் வைத்தால், தள்ளுவதற்கு இரண்டு மூன்று கிலோ விசை போதும்!

மேடையே மேல்

பலகையும் கப்பியும் வேலையைக் குறைக்காது. வேலையையே இல்லாமல் செய்ய ஒரு வழி உண்டா?

உண்டு. மேடை!

வேலை என்பது விசையும் உயரமும் பெருக்கி வருவது. உயரம் பூஜ்யம் ஆனால், தூக்கும் வேலையும் பூஜ்யம்.

கிடங்கின் தரையை லாரித் தட்டின் உயரத்துக்குக் கட்டிவிட்டால், மூட்டையை வண்டியில் வைத்து நேரே உள்ளே தள்ளி விடலாம். தூக்கவே வேண்டாம்! ரயில்வே சரக்குக் கொட்டகைகளில் மேடை கட்டியது இதற்காகத்தான். பல பெரிய கிடங்குகளிலும் இது இருக்கிறது. ஆனால் சின்ன மண்டிகள், தெருக்கடைகள், செங்கல் சிமெண்டு விற்கும் இடங்கள்? அங்கே தரையிலிருந்து தலைக்கும், தலையிலிருந்து லாரிக்கும்தான்.

மேடை கட்ட ஒரு தடவை செலவு. முதுகுக்குத் தினம் தினம் செலவு.

"வண்டி வந்தால் பிழைப்புப் போய்விடுமே!"

இந்தப் பயம் நியாயமான பயம். மூட்டை தூக்குகிறவரே சக்கர வண்டியைச் சந்தேகத்தோடு பார்ப்பது உண்டு. நான்கு பேர் செய்ததை இரண்டு பேர் செய்தால், மற்ற இரண்டு பேர் எங்கே போவது?

இதற்குப் பதில் சொல்லாமல் "விஞ்ஞானம், விஞ்ஞானம்" என்று பேசுவது ஏமாற்று.

பதில் இதுதான். கூலியை மூட்டைக்கு இவ்வளவு என்று பேசாமல், டன்னுக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். மூட்டை 25 கிலோ ஆனாலும், டன் கூலி குறையக் கூடாது. வண்டியும் மேடையும் வந்தாலும் குறையக் கூடாது. மேடையால் நேரம் மிச்சமாகிறது. லாரி சீக்கிரம் கிளம்புகிறது. அந்த லாபம் வியாபாரிக்கு மட்டும் போனால் அது அநியாயம். தூக்குகிறவருக்கும் பங்கு வேண்டும்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். வண்டியால் ஒருவர் வேலை போகலாம் என்பது பயம். முதுகு போனால் வேலை போவது நிச்சயம்! நாற்பது வயதில் இடுப்பைப் பிடித்துக் கொண்டு வீட்டில் உட்கார்ந்தவருக்கு எந்த மண்டியும் கூலி தராது. அவர் மகன் படிப்பை விட்டுவிட்டு அதே கொக்கியைக் கையில் எடுக்கிறான். அப்பன் முதுகு போன இடத்துக்கு மகன் முதுகு வருகிறது.

வீட்டிலும் கவனியுங்கள்

தூக்குவது மண்டியில் மட்டும் நடப்பதல்ல. 20 லிட்டர் தண்ணீர்க் கேன் என்றால் 20 கிலோ. அதைத் தூக்கி வைப்பது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். குடம், அரிசிப் பை, ஈரத்துணி வாளி, இடுப்புப் பிள்ளை. எல்லாமே சுமைதான்.

தூக்கும்போது நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று: சுமையை உடம்போடு ஒட்டிப் பிடியுங்கள். தூரம் குறைந்தால் முதுகின் பாரம் குறையும்.

இரண்டு: முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழுந்திருங்கள். இடுப்பை மட்டும் வளைத்து இழுக்காதீர்கள்.

மூன்று: வெடுக்கென்று இழுக்காதீர்கள். தூக்கிய கையோடு இடுப்பைத் திருப்பாதீர்கள். காலைத் திருப்பி வையுங்கள்.

நான்கு: அடிக்கடி எடுக்கும் கனமான சாமானைத் தரையில் வைக்காதீர்கள். இடுப்பு உயரத்தில் ஒரு பலகை போட்டு வையுங்கள். அதுதான் வீட்டுக்குள் ஒரு மேடை!

தண்ணீர்க் கேனை வீட்டில் இரண்டு பேர் சேர்ந்து தூக்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. விசை பாதியாகும்.

செய்ய வேண்டியது என்ன?

மூட்டையும் சிமெண்டுப் பையும் 25 கிலோவுக்கு இறங்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு நெல் கொள்முதல் நிலையங்களில் 40 கிலோ மூட்டை பிடிக்கிறார்கள். 100 கிலோ மூட்டை இருந்த நாட்டில் 50-ம் 40-ம் வந்திருக்கிறது என்றால், 25-ம் வரலாம். மளிகைக் கடைகளில் 25 கிலோ அரிசிப் பை ஏற்கனவே வந்துவிட்டது. வாங்குகிறவருக்கு வசதி என்று வந்தது. தூக்குகிறவருக்கு வசதி என்றும் வரட்டும்!

புதிதாகக் கட்டும் ஒவ்வொரு கிடங்குக்கும் மேடை கட்டாயம் ஆக வேண்டும். பழைய மண்டிகளுக்குச் சாய்பலகையும் சக்கர வண்டியும் வேண்டும். கூலி டன் கணக்கில் இருக்க வேண்டும். ஓய்வு நேரம் கூலியோடு சேர வேண்டும்.

இவை தர்மம் கேட்பது அல்ல. கணக்கு கேட்பது.

பத்து டன் அரிசியை லாரியில் ஏற்ற முக்கால் இட்லிச் சக்தி போதும் என்றால், அதற்கு நான்கு மனிதரின் முதுகை விலையாகக் கேட்கும் ஏற்பாடு எவ்வளவு மோசமான ஏற்பாடு! இயற்கை கேட்பது கொஞ்சம்தான். மிச்சம் முழுவதையும் கேட்பது மேடை இல்லாத கிடங்கும், கனமான மூட்டையும், "இப்படியேதான் நடந்து வருகிறது" என்ற சோம்பலும்தான்.

அந்தச் சோம்பலைத் தூக்கி எறிவதுதான் முதலில் செய்ய வேண்டிய வேலை.